ஒன்லைன் பாடம் தொடங்க முன் கொஞ்சம் வரலாறு பார்ப்போம்



அன்பின் ஊர் உறவுகளே, பதிவு கொஞ்சம் நீளம். தேத்தண்ணி ஒன்றை ஊற்றி வைத்துக்கொண்டு ஆறுதலாக வாசியுங்கள்.

சாதாரண தரத்தில் கணிதம் சித்தியடையாமல் வீட்டில் இருக்கும் நம் பிள்ளைகளுக்காக ஒன்லைன் பாடம் ஒன்றைத் தயாரிப்பதென்று ஊர் முடிவெடுத்திருக்கிறது. அல்ஹம்துலில்லாஹ், நல்ல முடிவு. வெளிநாட்டில் இருக்கும் நம் சகோதரர்கள் பணமும் தந்திருக்கிறார்கள். ஆனால் போன கூட்டத்தில் ஒன்றரை மணித்தியாலம் எதைப் பற்றிப் பேசினோம் என்று யோசித்துப் பாருங்கள். எந்தக் கமரா, எத்தனை அங்குல ஸ்மார்ட் போர்ட், ஸூமா, கூகுள் மீட்டா, யூடியூப் சேனலுக்கு என்ன பெயர் என்பவைதான் பேச்சு. படிக்கப்போகும் பிள்ளை யார், அந்தப் பிள்ளையின் கையில் என்ன இருக்கிறது, எத்தனை மணிக்கு இருக்கிறது என்று ஒருவரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. வாயை மூடிக்கொண்டு வந்துவிட்டேன். அந்தக் குற்ற உணர்வில்தான் இதை எழுதுகிறேன்.

தூரத்தில் இருக்கும் பிள்ளைக்குப் பாடம் அனுப்புவது இன்டர்நெட்டோடு பிறந்த வேலையல்ல. 180 வருடத்துக்கு மேல் பழையது. புதுக் கருவி வரும்போதெல்லாம் நம்மைப் போலவே ஆட்கள் கூடி உட்கார்ந்து கருவியைப் பற்றியே பேசியிருக்கிறார்கள். சிலர் தப்பான கருவிக்குப் பெரும் பணம் கொட்டினார்கள். சிலர் மலிவான கருவியை வைத்துக்கொண்டே பிள்ளைகளைக் கரை சேர்த்தார்கள். அவர்கள் கதையைக் கேட்டால் நம் பணம் மிச்சமாகும்.

*தபால்காரர் கொண்டுபோன பாடம்*

1840இல் பிரித்தானியாவில் ஒரு பென்னிக்கு நாட்டின் எந்த மூலைக்கும் கடிதம் அனுப்பலாம் என்ற முறை வந்தது. ஐசக் பிட்மன் என்பவர் தான் கண்டுபிடித்த சுருக்கெழுத்தை உடனே தபாலில் கற்பிக்கத் தொடங்கினார். பாடம் தபாலில் போகும். மாணவர் ஒரு பந்தியைச் சுருக்கெழுத்தில் எழுதித் திருப்பி அனுப்புவார். பிட்மன் அதைத் திருத்தி மறுபடி அனுப்புவார்.

இங்கே கவனிக்க இரண்டு விடயம் இருக்கிறது. ஒன்று, அவர் எடுத்த கருவி எல்லாருக்கும் கட்டுப்படியானது. மற்றது, கருவி இரு பக்கமும் போனது. பாடம் போனதோடு வேலை முடியவில்லை, பிழை திருத்திய தாள் திரும்பி வந்தபோதுதான் படிப்பு நடந்தது. பின்னால் வந்த பல பேர் முதல் பாதியை மட்டும் எடுத்துக்கொண்டு இரண்டாம் பாதியை மறந்துவிட்டார்கள்.

*நம் முன்னோர் எடுத்த முடிவு*

இனி நம் வீட்டுக் கதை. 19ஆம் நூற்றாண்டில் கீழக்கரையிலும் காயல்பட்டினத்திலும் இலங்கையிலும் இருந்த நம் ஆலிம்களுக்கு ஒரு சிக்கல் இருந்தது. மார்க்க விடயங்களைத் தமிழில் சொல்ல வேண்டும். ஆனால் குர்ஆன் ஓதப் பழகிய பலருக்கு, முக்கியமாக வீட்டிலிருந்த பெண்களுக்கு, அரபு எழுத்துத் தெரியும், தமிழ் எழுத்துத் தெரியாது. அவர்களைப் புதிதாகத் தமிழ் எழுத்துப் படித்துவிட்டு வரச் சொல்லியிருக்கலாம். அப்படிச் செய்யவில்லை. தெரிந்த எழுத்திலேயே தமிழை எழுதினார்கள். அரபியில் இல்லாத தமிழ் ஒலிகளுக்கு அரபு எழுத்துகளில் மேலும் கீழும் புள்ளிகள் சேர்த்துக்கொண்டார்கள். அதுதான் நம் உம்மும்மாமார் படித்த அரபுத்தமிழ். இலங்கைக்கு அடிக்கடி வந்துபோன கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் அவர்கள் அந்த எழுத்தில் எழுதிய ‘மகானீ’ போன்ற நூல்கள் வீடு வீடாகப் போனது இப்படித்தான்.

அச்சடிக்கும் முறையிலும் அதே புத்தி தெரிகிறது. ஈய எழுத்துகளைக் கோர்த்து அச்சடிப்பது ஐரோப்பிய எழுத்துக்கு வசதி. சேர்த்து எழுதும் அரபு எழுத்துக்கு, அதுவும் புள்ளிகள் கூடிய அரபுத்தமிழுக்கு, ஒவ்வொரு வடிவத்துக்கும் தனித்தனி அச்சு வார்க்க வேண்டும், செலவும் அதிகம். கல்லச்சு முறையில் நல்ல கையெழுத்துள்ள ஒருவர் எழுதினால் போதும், அந்தக் கையெழுத்தே கல்லில் ஏறி பிரதியாக வரும். ஓதப் பள்ளியில் உஸ்தாத் எழுதிக் காட்டிய அதே எழுத்து புத்தகத்திலும் இருந்ததால் வாசிப்பவருக்கு அது அந்நியமாக இருக்கவில்லை. தெற்காசிய முஸ்லிம்கள் கல்லச்சை அவ்வளவு விரும்பியதற்கு இதெல்லாம் காரணம்.

பிறகு 1882இல் அறிஞர் சித்திலெப்பை ‘முஸ்லிம் நேசன்’ பத்திரிகையைத் தொடங்கினார். பத்திரிகை அந்தக் காலத்துப் புது ஊடகம். ஆனால் பத்திரிகை வந்துவிட்டது, இனி சமூகம் படித்துவிடும் என்று அவர் இருந்துவிடவில்லை. பாடசாலைகளையும் தொடங்கினார், அவற்றுக்காக ஊர் ஊராக அலைந்தார். செய்தியையும் சிந்தனையையும் பரப்பப் பத்திரிகை போதும், எழுத்தும் கணக்கும் பழக்க வகுப்பும் வாத்தியாரும் வேண்டும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

*மிதித்து ஓட்டிய ரேடியோ*

1913இல் தோமஸ் எடிசன், இனிப் பாடசாலைகளில் புத்தகங்களுக்கு வேலை இருக்காது, எல்லாவற்றையும் சினிமாப் படமே கற்பிக்கும் என்று சொன்னார். நூறு வருடம் தாண்டியும் நம் பிள்ளைகள் புத்தகப் பை சுமக்கிறார்கள். அதன் பிறகு வானொலி, தொலைக்காட்சி, கம்பியூட்டர், ஸ்மார்ட் போர்ட் என்று ஒவ்வொன்று வரும்போதும் யாராவது அதே போன்ற வாக்குறுதியைத் தந்திருக்கிறார்கள்.

ஆனால் வானொலியைச் சரியாகப் பாவித்தவர்களும் இருக்கிறார்கள். அவுஸ்திரேலியாவின் நடுப் பாலைநிலத்தில் ஒரு பண்ணைக்கும் அடுத்த பண்ணைக்கும் இடையே நூற்றுக்கணக்கான கிலோமீட்டர். மின்சாரம் கிடையாது. 1920களின் கடைசியில் அல்பிரட் டிரேகர் என்பவர் பறக்கும் மருத்துவ சேவைக்காக ஒரு வானொலிக் கருவி செய்து கொடுத்தார். சைக்கிள் மிதிப்பதுபோல் காலால் மிதித்தால் அதற்கு மின்சாரம் கிடைக்கும். டொக்டரைக் கூப்பிட வைத்திருந்த அதே வானொலி வலையமைப்பில் 1951இல் அலிஸ் ஸ்பிரிங்ஸ் நகரிலிருந்து ‘வானொலிப் பாடசாலை’ தொடங்கியது.

முதலில் ஆசிரியர் பேசுவார், பிள்ளைகள் கேட்பார்கள், அவ்வளவுதான். கொஞ்ச நாளிலேயே பாடத்தின் முடிவில் பிள்ளைகள் கேள்வி கேட்க நேரம் ஒதுக்கினார்கள். அந்த வலையமைப்பில் பிள்ளையின் குரலும் திரும்பி வர முடிந்ததுதான் அதன் பலம். எழுத்து வேலையெல்லாம் தபாலில் போய் வந்தது. குரலுக்கு வானொலி, எழுத்துக்குக் காகிதம் என்று வேலையைப் பிரித்துக்கொண்டார்கள். புதுக் கருவியும் வாங்கவில்லை, வீட்டில் ஏற்கெனவே இருந்ததையே பாவித்தார்கள்.

இந்தக் கதைக்கு ஒரு தொடர்ச்சி உண்டு. அப்படி வானொலியில் பாடம் கேட்டு வளர்ந்த மேற்கு அவுஸ்திரேலியப் பையன்களில் ஒருவர் மார்ட்டின் டூகியாமாஸ். 2002இல் ‘மூடில்’ என்ற ஒன்லைன் வகுப்பறை மென்பொருளை வெளியிட்டவர் அவர்தான். நம் பல்கலைக்கழகங்களில் படிக்கும் பிள்ளைகள் தினமும் திறக்கும் பாடப் பக்கங்களில் பல அந்த மூடிலில் ஓடுபவை. இலவச மென்பொருள்.

*பணம் கொட்டிய தீவு*

பசிபிக் கடலில் அமெரிக்காவின் ஆட்சிக்குட்பட்ட சின்னத் தீவுக்கூட்டம் அமெரிக்கன் சமோவா. 1964இல் அதன் ஆளுநர் ரெக்ஸ் லீ, பாடசாலைக் கல்வியைத் தொலைக்காட்சி மூலம் ஒரேயடியாகத் தூக்கி நிறுத்தத் திட்டம் போட்டார். மலை உச்சியில் ஒளிபரப்புக் கோபுரம், ஆறு சேனல்கள், ஸ்டூடியோ, அமெரிக்காவிலிருந்து வந்த ஆசிரியர்கள். முக்கியமான பாடத்தை ஸ்டூடியோ ஆசிரியர் நடத்துவார். வகுப்பில் இருக்கும் உள்ளூர் ஆசிரியர் அதற்குப் பின்னால் பயிற்சி கொடுப்பார். ஜனாதிபதி ஜோன்சனே 1966இல் போய்ப் பார்த்தார்.

ஆரம்பத்தில், சின்ன வகுப்புகளில் பலனும் இருந்தது. ஆனால் மேல் வகுப்புக்குப் போகப் போக மாணவர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் சலிப்பு வந்தது. தொலைக்காட்சியின் வேகம் ஒன்று, வகுப்பில் இருக்கும் பிள்ளையின் வேகம் வேறு. விளங்காத இடத்தில் கையை உயர்த்தினால் திரையில் இருப்பவருக்குத் தெரியாது. வகுப்பு ஆசிரியருக்கோ தன் வகுப்பு தன் கையில் இல்லையே என்ற மனத்தாங்கல். 1970களின் நடுவில், நடுநாயகமாக இருந்த தொலைக்காட்சி துணைக் கருவியாகிவிட்டது. எப்போது போடுவது, போடாமல் விடுவது என்று வகுப்பு ஆசிரியரே தீர்மானிக்கும் நிலை வந்தது. ஸ்டூடியோவைப் பற்றி நாம் பேசியபோது எனக்கு இந்தத் தீவுதான் ஞாபகம் வந்தது.

*மலிவான ரேடியோவில் கணிதம்*

அதற்கு நேர் மாறான கதை நிக்கரகுவாவில் நடந்தது. 1970களின் நடுவில் ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகத்தார் அங்கே ஆரம்ப வகுப்புப் பிள்ளைகளுக்கு வானொலியில் கணிதம் கற்பித்தார்கள். வானொலியில் கணிதமா என்று கேட்கத் தோன்றும். அவர்கள் செய்தது இதுதான். வானொலிக் குரல் கேள்வி கேட்கும், பிறகு சில நொடி மௌனமாக இருக்கும். அந்த இடைவெளியில் வகுப்பே சேர்ந்து பதில் சொல்லும். பிறகு குரல் சரியான விடையைச் சொல்லும். சில நேரம் கொப்பியில் எழுதச் சொல்லும், கல்லையோ குச்சியையோ எண்ணச் சொல்லும். பாடம் முழுக்கப் பிள்ளை ஏதாவது செய்துகொண்டே இருக்கும். வானொலி இல்லாத வகுப்புகளோடு ஒப்பிட்டுப் பரீட்சை வைத்தபோது வானொலிப் பிள்ளைகள் முன்னுக்கு நின்றார்கள். பிறகு கென்யாவில் ஆங்கிலம் கற்பிக்கவும் அதே முறையை எடுத்தார்கள்.

படமே இல்லாத கருவி ஜெயித்தது, ஆறு சேனல் தொலைக்காட்சி சறுக்கியது. வானொலி உயர்ந்தது என்பதல்ல இதன் பொருள். ஒன்றில் பிள்ளைக்கு வேலை இருந்தது, மற்றதில் பிள்ளை பெரும்பாலும் பார்த்துக்கொண்டிருந்தது.

1983இல் அமெரிக்க ஆய்வாளர் ரிச்சர்ட் கிளார்க் இதைக் கறாராகவே எழுதினார். ஊடகம் என்பது சாமான் ஏற்றிவரும் லொறி மாதிரி, லொறியை மாற்றியதால் மரக்கறியின் சத்து கூடாது என்பது அவர் வாதத்தின் சாரம். ரொபர்ட் கொஸ்மா என்பவர் அதை மறுத்தார். அசையும் படத்தால்தான் விளங்கவைக்கக்கூடிய சில விடயங்கள் உண்டு, கருவிக்கும் கற்றலுக்கும் தொடர்பு இருக்கிறது என்றார். என் அனுபவத்தில் இருவர் சொன்னதிலும் உண்மை இருக்கிறது. கேத்திரகணிதத்தில் கவராயம் பிடித்து கோண இருகூறாக்கி வரைவதை வாயால் விளக்க முடியாது, கை அசைவதைப் பார்க்க வேண்டும். அதற்கு வீடியோ வேண்டும். ஆனால் காரணிப்படுத்தலை எத்தனை வீடியோ பார்த்தாலும் வராது, இருபது கணக்கு தானே செய்தால்தான் வரும்.

*‘வானலைப் பல்கலைக்கழகம்’ உண்மையில் எதில் ஓடியது*

பிரித்தானியத் திறந்த பல்கலைக்கழகம் 1971 ஜனவரியில் மாணவர்களைச் சேர்த்துப் படிப்பிக்கத் தொடங்கியது. திட்டம் போட்டபோது அதற்கு வைத்த பெயர் ‘வானலைப் பல்கலைக்கழகம்’. பிபிசி தொலைக்காட்சியில் பாடம் வந்ததால் இன்றும் பலர் அது தொலைக்காட்சிப் பல்கலைக்கழகம் என்றே நினைக்கிறார்கள். ஆனால் மாணவரின் படிப்பு நேரத்தில் மிகப் பெரும் பங்கு தபாலில் வந்த அச்சுப் பாட அலகுகளிலும், போதனாசிரியர் திருத்திக் கொடுத்த ஒப்படைகளிலும் போனது. விஞ்ஞானப் பாடத்துக்கு வீட்டிலேயே பரிசோதனை செய்யப் பெட்டி அனுப்பினார்கள். ஒவ்வொரு வேலைக்கும் அதற்கேற்ற கருவி.

அங்கே ஆரம்ப காலத்திலேயே சேர்ந்த ஊடக ஆய்வாளர் டோனி பேட்ஸ், பிற்காலத்தில் கருவி தெரிவு செய்வதற்கு ஒரு வரிசையே எழுதினார். மாணவர் யார், அவர்களிடம் என்ன இருக்கிறது என்பது முதலில். பாவிக்க இலகுவா, செலவு எவ்வளவு, எதைக் கற்பிக்கப்போகிறோம், பதில் திரும்பி வருமா, நடத்த ஆட்கள் இருக்கிறார்களா, மாணவரின் அந்தரங்கம் பாதுகாப்பாக இருக்குமா என்பவை அதன் பிறகு. மாணவரை முதலில் வைத்த அந்த ஒழுங்கு தற்செயலானதல்ல.

இலங்கையிலும் இந்தப் பாதை உண்டு. 1980இல் தொடங்கிய நம் திறந்த பல்கலைக்கழகம் அச்சுப் பாடங்களோடு கண்டி, யாழ்ப்பாணம், மாத்தறை, மட்டக்களப்பு என்று நிலையங்கள் வைத்து நேரடி வகுப்பும் நடத்தியது. 1980களில் பயிற்சி பெறாத ஆசிரியர்களுக்குத் தொலைக்கல்வி வந்தபோதும் சிங்களத்திலும் தமிழிலும் அச்சுத் தொகுதிகள் கைக்கு வந்தன, இடைக்கிடை நேரடிச் சந்திப்புகளும் இருந்தன. நம் ஊர்ப் பக்கங்களில் இன்று ஓய்வுபெற்றிருக்கும் சில ஆசிரியர்கள் அப்படிப் படித்து வந்தவர்கள்தான், கேட்டுப் பாருங்கள்.

1990களின் கடைசியில் கொத்மலையில் நடந்ததும் அழகானது. கிராமத்தில் யாரிடமும் இன்டர்நெட் இல்லை, வீட்டுக்கு வீடு வானொலி இருந்தது. யுனெஸ்கோ உதவியோடு கொத்மலை சமூக வானொலிக்கு இன்டர்நெட் இணைப்பு கிடைத்தது. மக்கள் கேள்வி அனுப்புவார்கள். அறிவிப்பாளர் இன்டர்நெட்டில் தேடி, விடயம் தெரிந்த ஒருவரையும் பக்கத்தில் வைத்து, உள்ளூர் மொழியில் விளக்குவார். புதிய கருவியை நிலையத்திலும் பழைய கருவியை வீட்டிலும் வைத்து இரண்டையும் முடிச்சுப் போட்டார்கள்.

*என் 40 நிமிட வீடியோ*

இனி நான் செய்த பிழை. 2020 மார்ச் 13இலிருந்து பாடசாலைகள் மூடப்பட்டன. ‘குருகெதர’ நிகழ்ச்சி தொலைக்காட்சியில் வந்தது, ‘ஈ-தக்சலாவ’ தளத்தில் பாடங்கள் இருந்தன, அவை பலருக்கு உதவின. நான் என் பங்குக்கு வீட்டுச் சுவரில் வெள்ளைப் பலகை மாட்டி 40 நிமிட வீடியோக்கள் எடுத்து வட்ஸ்அப் குறூப்பில் போட்டேன். அத்தனையும் பெரிய பைல்கள். பெற்றோர் ‘மாஷா அல்லாஹ் சேர்’ என்று போட்டார்கள். எனக்கும் சந்தோஷம்.

மூன்று கிழமைக்குப் பிறகு ஒரு உம்மா கோல் எடுத்தார். “சேர், வாப்பா வேலையால வந்தாத்தான் எங்களுக்குப் போன். இஷாவும் முடிஞ்சிரும். மூணு புள்ளைக்கும் ஒரு போன். வீடியோ இறங்கக்குள்ள டேட்டா முடியுது. சின்னவன் பாத்துட்டே தூங்கிர்றான்.” அன்றைக்குத்தான் நான் எத்தனை பிள்ளை விடை அனுப்பியது என்று எண்ணிப் பார்த்தேன். வகுப்பில் பாதிக்கும் குறைவு. விடை வராத பெயர்களைப் பார்த்தேன். வகுப்பில் ஏற்கெனவே பின்தங்கி இருந்த பிள்ளைகள்தான் பெரும்பாலும்.

அதன் பிறகு மாற்றினேன். மூன்று நிமிட வொய்ஸ் நோட், ஒரு எம்.பி.யையும் எட்டாது. கணக்கைப் படிப்படியாகச் செய்து எடுத்த இரண்டு போட்டோ. பத்துக் கணக்குள்ள தாள் ஒன்றைப் போட்டோக் கொப்பி அடித்துச் சந்திக் கடையில் வைத்தேன். பால்மா வாங்க வருபவர் தாளையும் எடுத்துப் போவார், செய்த தாளை அங்கேயே வைப்பார். விடை அனுப்பும் பிள்ளைகளின் எண்ணிக்கை கூடியது. எல்லாரும் வந்துவிட்டார்கள் என்று சொல்ல மாட்டேன். அந்த முதல் மூன்று கிழமையில் விடுபட்ட ஒரு பிள்ளை பிறகு பாடசாலைக்குத் திரும்பவே இல்லை. கடையில் வேலைக்குப் போய்விட்டான். என் வீடியோதான் காரணம் என்று சொல்ல முடியாது. ஆனாலும் அவனைப் பார்க்கும்போதெல்லாம் மனசு குத்தும்.

2022 இன்னொரு பாடம் தந்தது. மார்ச் மாதக் கடைசியில் ஒரு நாளில் 13 மணித்தியாலம் மின்வெட்டு. அதே மாதம் கடதாசி இல்லாமல் மேல் மாகாணத்தில் தவணைப் பரீட்சை நிறுத்தப்பட்டது. ஒன்லைனும் காகிதமும் ஒரே நேரத்தில் கையை விட்ட காலம் அது. எந்தப் பாடத்துக்கும் இரண்டாவது வழி ஒன்று வேண்டும் என்பதை அன்றிலிருந்து நான் மறக்கவில்லை.

*கூட்டத்துக்கு என் யோசனை*

கமராவும் போர்ட்டும் வாங்க முன் இவற்றைத் தீர்மானிப்போம்.

1. ஒவ்வொரு தெருவிலும் ஒருவர் பொறுப்பெடுத்து, பாடத்தில் சேரப்போகும் பிள்ளைகளின் வீட்டில் கேட்போம். யாருடைய போன், எத்தனை மணிக்குப் பிள்ளை கைக்கு வரும், மாதம் டேட்டாவுக்கு எவ்வளவு முடியும்.

2. பாடத்தைத் துண்டு துண்டாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டிலும் பிள்ளை என்ன செய்ய வேண்டும் என்று எழுதுவோம். வரைந்து காட்ட வேண்டிய அமைப்புகளுக்கு மட்டும் நான்கைந்து நிமிட வீடியோ. விளக்கத்துக்கு வொய்ஸ் நோட்டும் போட்டோவும். பயிற்சிக்கு அச்சுத் தாள்.

3. விடை திரும்பி வரும் வழியை முதலே ஒழுங்குபடுத்துவோம். வாரம் ஒரு நாள் மத்ரஸா மண்டபத்தில் நேரடியாகத் திருத்துவோம். திருத்தத் தயாரான ஆசிரியர் எண்ணிக்கையைப் பார்த்துத்தான் எத்தனை பிள்ளையைச் சேர்ப்பது என்று முடிவெடுக்க வேண்டும்.

4. பெண் பிள்ளைகளின் நம்பர் குறூப்பில் எல்லாருக்கும் தெரிவதைச் சில பெற்றோர் விரும்புவதில்லை. அது நியாயமான கவலை. ப்ரோட்காஸ்ட் லிஸ்ட்டில் அனுப்பினால் ஒருவர் நம்பர் மற்றவருக்குத் தெரியாது. ஆனால் அனுப்புபவரின் நம்பரைத் தம் போனில் பதிந்து வைத்தவருக்கு மட்டும்தான் அது போய்ச் சேரும். ஆகவே சேர்க்கும் நாளிலேயே பதிந்து கொடுக்க வேண்டும்.

5. மிஞ்சும் பணத்தைப் போட்டோக் கொப்பிக்கும், டேட்டா வாங்க முடியாத பிள்ளைகளுக்கு ரீலோடுக்கும் ஒதுக்குவோம். அடுத்த வருடம் நடத்துவதற்கும் ஒரு பங்கை வைப்போம்.

ஸ்மார்ட் போர்ட் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. மேலே உள்ள ஐந்தையும் செய்த பிறகும் அதற்கு வேலை இருந்தால், பணமும் இருந்தால், வாங்குவோம். பணம் அனுப்பிய சகோதரர்களுக்கு ஒரு பெரிய திரையின் போட்டோவை அனுப்புவது இலகு. அவர்கள் கேட்டது பிள்ளைகள் சித்தியடைந்த செய்தியை என்று நான் நினைக்கிறேன்.

வரும் வெள்ளி ஜும்ஆவுக்குப் பிறகு கூட்டம். நான் சொன்னதில் பிழை இருந்தால் சபையிலேயே சொல்லுங்கள், திருத்திக்கொள்கிறேன். வரும்போது உங்கள் தெருவில் கணிதம் சித்தியடையாத பிள்ளைகளின் பெயர்களைக் கேட்டு எழுதிக்கொண்டு வாருங்கள். அந்தப் பட்டியலை மேசையில் வைத்துவிட்டுக் கருவியைப் பற்றிப் பேசத் தொடங்குவோம், இன்ஷா அல்லாஹ்.

அல்லாஹ் நம் பிள்ளைகளின் கல்வியில் பரக்கத் செய்வானாக. வஸ்ஸலாம்.